தக்காளி, எருமைப் பால், விறகு அடுப்பு... பீட்சா பிறந்த மண்ணில் ஒரு சாப்பாட்டுப் பயணம்!

சனிக்கிழமை இரவு இத்தாலியில் நாலு நண்பர்கள் சேர்ந்தால், பெரும்பாலும் பீட்சா கடைக்குத்தான் போவார்கள். இப்படிக் கூடிச் சாப்பிடுவதற்கு 'பிட்சாத்தா' என்று தனிப் பெயரே உண்டு. நம்மூரில் ஒரு பீட்சாவை எட்டுத் துண்டாக்கிப் பங்கு போடுவதுபோல அங்கே செய்வதில்லை. ஆளுக்கு ஒரு முழு பீட்சா. யார் என்ன சாப்பிட்டாலும், கடைசியில் மொத்தப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வகுத்துக் கொடுத்துவிடுவார்கள். 'ரோமாபுரி முறையில் கொடுப்பது' என்று இதைச் சொல்கிறார்கள்.

அந்தத் தட்டில் இருப்பது என்ன? கோதுமை மாவு, தக்காளி, கொஞ்சம் சீஸ், இரண்டு இலை, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். இந்த ஐந்து பொருளை வைத்து ஒரு ஊர் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. அந்தப் பெயரில் விவசாயிக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது, எங்கே கிடைக்காமல் போனது என்பதை அறிய, கடையில் ஆரம்பித்தால் போதாது. தெற்கு இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரைச் சுற்றியுள்ள கம்பானியா மாநிலத்தின் கிராமத்து வீடுகளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதத்து வீடுகள்

நம் வீடுகளில் சித்திரை வெயிலில் வடகம், வற்றல் போடுவதுபோல, அங்கே ஆகஸ்ட் மாதம் தக்காளிக்கான மாதம். ஒரே நாளில் கூடை கூடையாகத் தக்காளி வந்து இறங்கும். அத்தை, மாமா, பேரன் பேத்தி, பக்கத்து வீட்டுக்காரர், நண்பர்கள் என எல்லோரும் சேர்ந்து கழுவி, கொதிக்க வைத்து, தோலும் விதையும் நீக்கி, சாறைக் கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றுவார்கள். பாட்டிலுக்கு ஓர் இலை போடுவதும் உண்டு. அது வேறு எதுவுமல்ல, நம்மூர் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். சப்ஜா விதை தரும் அதே செடி. பிறகு பாட்டில்களை மூடி, பெரிய டிரம்மில் துணி சுற்றி அடுக்கி, தண்ணீர் ஊற்றி விறகுத் தீயில் வேக வைப்பார்கள். ஓராண்டுக்கு அந்த வீட்டில் தக்காளிச் செலவில்லை.

இந்தப் பாட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அடிப்படை. இறைச்சித் துண்டுகளைத் தக்காளிச் சாற்றில் போட்டு, ஐந்தாறு மணி நேரம் சிறு தீயில் கொதிக்க விடுவார்கள். குழம்பை முதலில் பாஸ்தாவில் ஊற்றிச் சாப்பிட்டு, இறைச்சியைத் தனியாக அடுத்த பந்தியில் வைப்பார்கள். ஒரே பாத்திரத்தில் இரண்டு வகைச் சாப்பாடு. தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்கும் 'குட்டிச் செருப்பு' என்று ஒரு செல்லப் பெயர். டப்பாக்களின் அடியில் மிஞ்சும் பலவகை உடைந்த பாஸ்தாவை ஒன்றாகக் கலந்து உருளைக்கிழங்கோடும் பீன்ஸ் பருப்போடும் சமைப்பது அங்கே ஏழைகளின் உணவு. இன்று அதுவே உணவகங்களில் பெருமையாகப் பரிமாறப்படுகிறது.

எரிமலை மண்ணில் விளையும் தக்காளி

நேப்பிள்ஸுக்குத் தென்கிழக்கே வெசூவியஸ் எரிமலை. கி.பி. 79-ல் பொம்பெய் நகரைச் சாம்பலில் புதைத்ததும், 1944-ல் கடைசியாகச் சீறியதும் இதுதான். அழித்த அதே சாம்பல், அடிவாரத்து மண்ணை வளமாக்கியது. அங்கே சர்னோ ஆற்றுப் படுகையில் விளைவது சான் மர்சானோ தக்காளி. நீண்டு, நுனி கூர்ந்து, சதை தடித்து, விதை குறைவாக இருக்கும். தோல் எளிதில் உரியும். குழம்புக்கும் பீட்சாவுக்கும் இதைவிடத் தோதான ரகம் கிடையாது என்பது அந்த ஊர்க்காரர்களின் எண்ணம்.

கம்பு நட்டு, கொடியைக் கட்டி வளர்க்கிறார்கள். பழம் ஒரே நேரத்தில் பழுக்காது. அதனால் இயந்திரம் விட முடியாது. பழுக்கப் பழுக்கக் கையால் பல பறிப்பாக எடுக்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைரஸ் நோய் ஒரு பக்கம், இயந்திர அறுவடைக்கு ஏற்ற வீரிய ஒட்டு ரகங்கள் இன்னொரு பக்கம் என்று நெருக்க, இந்தத் தக்காளியின் பரப்பு சுருங்கிப்போனது. பழைய விதைகளைத் தேடித் தேர்வு செய்துதான் மீட்டார்கள்.

1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 'டி.ஓ.பி.' முத்திரை கொடுத்தது. நம்முடைய புவிசார் குறியீடு போன்றது, ஆனால் விதிகள் கறாரானவை. குறிப்பிட்ட ஊர்களில்தான் விளைய வேண்டும், அந்த எல்லைக்குள்ளேயே தோலுரித்து டப்பாவில் அடைக்க வேண்டும், கையால்தான் பறிக்க வேண்டும். ஹெக்டேருக்கு 80 டன்னுக்கு மேல் மகசூல் காட்டக் கூடாது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 32 டன். மகசூலுக்கு உச்சவரம்பு வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. வெளியூர்த் தக்காளியை வாங்கி உள்ளூர்ப் பெயரில் அடைத்தால், பதிவு செய்த நிலப்பரப்புக்கும் டப்பா எண்ணிக்கைக்கும் பொருந்தாமல் போய்விடும்.

எரிமலைச் சரிவிலேயே இன்னொரு ரகமும் உண்டு. சிறியதாக, நுனியில் ஒரு முனையோடு இருக்கும் 'பியென்னோலோ'. தண்ணீர் அதிகம் கேட்காது. கொத்துக் கொத்தாகப் பறித்து, சணல் கயிற்றில் வளையமாகக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவார்கள். கோடையில் பறித்த பழம் குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்கும். மின்சாரமும் குளிர்பதனக் கிடங்கும் இல்லாத சேமிப்பு இது. 2009-ல் இதற்கும் முத்திரை கிடைத்தது.

எருமைக்கு மரியாதை

அடுத்தது சீஸ். கசெர்த்தா, சலெர்னோ மாவட்டங்களின் சமவெளியில் எருமைப் பண்ணைகள் அதிகம். பெஸ்டம் என்ற இடத்தில் 2,400 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான கிரேக்கக் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள், சாலையோரப் பண்ணைகளில் மொசரெல்லா வாங்காமல் திரும்புவதில்லை. எருமையை முதலில் வீட்டு விலங்காகப் பழக்கியது நம் இந்தியத் துணைக்கண்டம் என்பதால், அந்தச் சீஸில் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு.

எருமைப் பாலைத் திரிய வைத்து, திரட்டைச் சில மணி நேரம் புளிக்க விடுவார்கள். பிறகு கொதிக்கும் நிலையில் உள்ள தண்ணீரை ஊற்றி, கட்டையால் இழுத்து இழுத்துப் பிசைவார்கள். பரோட்டா மாவுபோல அது நீளும். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி உருண்டையாக எடுப்பார்கள். 'கிள்ளி எடுப்பது' என்ற சொல்லில் இருந்துதான் மொசரெல்லா என்ற பெயரே வந்தது. ஒரு கிலோ சீஸுக்கு 4 லிட்டருக்கும் சற்று அதிகமான பால் வேண்டும். முத்திரை வாங்க, பாலில் கொழுப்பு 7.2 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. நம் முர்ரா எருமை வைத்திருப்பவர்களுக்கு இது எட்டாத எண் இல்லை.

90 வினாடி அடுப்பு

இந்தத் தக்காளியும் சீஸும் வந்து சேரும் இடம் நேப்பிள்ஸ் நகரின் விறகு அடுப்பு. 'நேப்பிள்ஸ் பீட்சா' செய்முறையை 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 1.8 கிலோ மாவு, 50 முதல் 55 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட். உருட்டுக் கட்டை கூடாது, கையால்தான் விரிக்க வேண்டும். விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 485 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய அடுப்புத் தளத்தில் 60 முதல் 90 வினாடி. அதற்குள் வெந்துவிடும். அந்தக் கைத்திறனை 2017-ல் யுனெஸ்கோ தன் மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே ஆதியில் இருந்து இருப்பது மரினாரா. தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓமவல்லியை நினைவூட்டும் ஆரிகானோ இலை. சீஸே கிடையாது. சீஸ் சேர்த்த மர்கெரித்தா பீட்சாவை 1889-ல் இத்தாலி ராணிக்காகச் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதை ஏற்காத வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. ராணி சாப்பிட்டாரோ இல்லையோ, பீட்சா கூலிக்காரர்களின் சாப்பாடாகத்தான் வளர்ந்தது. நாலாக மடித்துக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே சாப்பிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அடுப்புக்கும் சீஸுக்கும் வழியில்லாத காலத்தில், பெண்கள் வீட்டு வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவைப் பொரித்து விற்றார்கள். 'இன்றைக்குச் சாப்பிடு, எட்டாம் நாள் காசு கொடு' என்பது அந்தக் கடன் வியாபாரத்தின் பெயர். பொரித்த பீட்சா இன்றும் நேப்பிள்ஸ் தெருக்களில் கிடைக்கிறது.

ஊருக்கு ஒரு பீட்சா

நேப்பிள்ஸை விட்டு நகர்ந்தால் பீட்சாவும் மாறுகிறது. ரோம் நகரில் நீளத் தட்டில் சுட்டு, கேட்ட அளவு கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு விற்கிறார்கள். சிசிலித் தீவின் பலெர்மோவில் 'ஸ்ஃபின்ச்சோனே'. பஞ்சுபோலத் தடித்த மாவின் மேல் வெங்காயம், தக்காளி, நெத்திலி, உள்ளூர் சீஸ், ரொட்டித் தூள். வடமேற்குக் கடற்கரையில் சான்ரெமோ ஊரில் மொசரெல்லா இல்லாமல், நெத்திலியும் உள்ளூர்ச் சிறு ஆலிவ் காய்களும் போட்ட 'சர்தெனாய்ரா'. அதே கடற்கரையில் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றிச் சுடும் 'ஃபரினாத்தா'வும் உண்டு. எந்த ஊரில் எது விளைந்ததோ, எந்தக் கடலில் எது கிடைத்ததோ, அதுவே அந்த ஊர் பீட்சாவின் மேல் உட்கார்ந்தது.

பண்ணை வீட்டு விருந்து

இந்த ருசிகளைத் தேடி, ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து நண்பர்கள் காரைப் பங்கு போட்டுக்கொண்டு கிராமங்களுக்குப் போகிறார்கள். அவர்களுக்காக இருப்பதுதான் 'அக்ரிதுரிஸ்மோ' என்ற பண்ணை விருந்து முறை. 1985-ல் இத்தாலி இதற்குத் தனிச் சட்டம் போட்டது. விவசாயி மட்டுமே நடத்தலாம். விவசாயம் முதல் தொழிலாகவும் விருந்து துணைத் தொழிலாகவும் இருக்க வேண்டும். பரிமாறுவதில் கணிசமான பங்கு சொந்தப் பண்ணையில் விளைந்ததாக இருக்க வேண்டும், அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் வகுத்துக்கொள்ளும். மிஞ்சிய காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு போகாமல், சமைத்த சாப்பாடாக விற்க இது வழி செய்தது.

முத்திரை போதுமா?

எல்லாம் இனிப்பான கதை இல்லை. மாவு ஊர்ப் பெயர் இல்லாத பொருள். இத்தாலி தன் மென்கோதுமையில் பெரும் பகுதியை இறக்குமதி செய்கிறது. ரொட்டியைத் தின்பவருக்கும் விளைவித்தவருக்கும் அங்கே தொடர்பு கிடையாது. சான் மர்சானோ பெயரிலேயே வெளிநாடுகளில் போலி டப்பாக்கள் விற்கின்றன. தென்கிழக்கே ஃபோஜா சமவெளியில், முத்திரை இல்லாத மலிவுத் தக்காளியைப் பறிக்கும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்கிறார்கள். ரோமுக்குத் தெற்கே உள்ள பண்ணைகளில் நம் பஞ்சாபிகள் பலர் வேலை செய்கிறார்கள். இடைத்தரகர்கள் கூலியைச் சுரண்டுவதைத் தடுக்க 2016-ல் இத்தாலி கடும் சட்டம் கொண்டுவந்தது. சுரண்டல் இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஊர்ப் பெயர் பொருளுக்கு விலை சேர்க்கும். அந்த விலை வயலில் குனிபவர் வரை போகுமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்மூரிலும் இதற்கு இணையான கதை இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் சேரும் விருப்பாச்சி மலை வாழைக்கும் தனியாகக் குறியீடு உண்டு. சான் மர்சானோவை வைரஸ் வாட்டியதுபோல, அந்த வாழையை முடிக்கொத்து நோய் வாட்டியது. ஆனால், அதே திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரத்தில் விலை சரியும்போது தக்காளி சாலையோரம் கொட்டப்படுகிறது. அந்தத் தக்காளிக்கு ரகப் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை, பாட்டிலில் அடைக்கும் வழக்கமும் இல்லை.

குறியீடு கிடைத்த பொருளைச் சாகுபடி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் குறியீடு இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு விவசாயியும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தன் பெயரைச் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதியாதவருக்கு அந்தப் பெயரைத் தன் மூட்டையில் எழுதும் சட்ட உரிமை கிடையாது, அது அவர் தோட்டத்திலேயே விளைந்திருந்தாலும்!