செல்லூர்த் தறியும் ஒரு தனிநாடும்

2016 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் வாக்களித்த செய்தி வந்த காலையில், மதுரை செல்லூரில் தறி நெய்த அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்ற முழக்கத்தை அவர் மேடைப்பேச்சில் கற்கவில்லை; பம்பாய் ஆலைத்துணி குவிந்த கடைத்தெருவில் கற்றார். திராவிட நாடு அவருக்குக் கனவல்ல, கூலிக்கணக்கு.

"பிரிஞ்சா ஒங்க சேலைய எவன் வாங்குவான் மாப்ளே? எல்லையில வரி கட்டுவீகளா?" என்பார் காங்கிரஸ்காரரான தாய்மாமன். அப்பாவிடம் பதில் இருந்ததில்லை, கோபம் இருந்தது.

1962 மே மாதம் மாநிலங்களவையில் சுயநிர்ணய உரிமை கேட்ட அண்ணா, அக்டோபரில் சீனப்போர் மூண்டதும் கோரிக்கையை ஒத்திவைத்தார். 1963இல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் இந்திய ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தாக வேண்டும். கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்களிடம் 2014இல் வாக்குச்சீட்டு கொடுத்தே கேட்டார்கள். 55 விழுக்காட்டினர் சேர்ந்தே இருக்கிறோம் என்றார்கள். அப்பாவிடம் எவரும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் மாமன் பக்கமே முத்திரை குத்தியிருப்பாரோ என்ற ஐயம் எனக்குண்டு.)

இரண்டு நாள் அவர் தறியில் உட்காரவில்லை என்பாள் அம்மா. மூன்றாம் நாள் மாமன் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பாவு பிணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம்.