நான் கள் இறக்கிய கதை!

போலீஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கடைசி பாரா வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் ஜீப்பை எடுங்கள் சார்!

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்குவது குற்றம். தெரியும். தெரிந்தேதான் ஒப்புக்கொள்கிறேன். போன சித்திரையில் நான் மூன்று கலயம் கள் இறக்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை. சுத்தமாக இருக்கட்டுமே என்று ஒரு காரியம் செய்தேன். அது இப்படி முடிந்தது.

புதியம்புத்தூரில் எனக்கு ஒரு நண்பன். ரெடிமேட் தொழில். அந்த ஊருக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது தையல் மெஷின் சத்தம்தான். பாவாடை, நைட்டி, ஸ்கூல் யூனிபார்ம் என்று வீட்டுக்கு வீடு துணி மலை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு. சித்திரை வெயிலில் கறுப்பு மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம் தாண்டி நான் போய் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சட்டை எடுக்கிறது இருக்கட்டும்லே. சீசன் நேரம், பதனி குடிக்காம போனா பாவம்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

கிழக்கே போகப் போக கரிசல் மெலிந்து மணல் கலக்கிறது. பனைகள் கூடுகின்றன. அங்கேதான் அவன் பெரியம்மாவின் விடிலி. விடிலி என்றால் பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. உள்ளே பெரிய அடுப்பு, அதன் மேல் வாயகன்ற பாத்திரம், மூலையில் சிரட்டைகள். அதாவது ஒரு ஃபாக்டரி!

பெரியப்பாவுக்கு அறுபது வயதிருக்கும். நாற்பது, ஐம்பது அடி பனையில் ஏணி இல்லாமல் ஏறுகிறார். காலையில் ஏறி பதநீர் இறக்க வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏறி பாளையைச் சீவிக் கலயம் கட்ட வேண்டும். ஒரு மரம் இல்லை, வரிசையாக எல்லா மரமும். எனக்கு ஆபீஸில் மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் வரவில்லையென்றால் அன்றைக்கு லீவு போடலாமா என்று தோன்றும்.

பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தேன். அதற்குப் பிறகுதான் நன்றியுணர்ச்சி தலைக்கேறியது. சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, ஏதாவது உதவ வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். விடிலிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு மண்கலயங்கள் வரிசையாக இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. 'அடடா, இதிலா பிடிக்கிறார்கள்? நாம் குடித்தது இதிலிருந்தா?' தேங்காய்நார், சாம்பல், ஒரு குடம் தண்ணீர். மூன்று கலயத்தைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தேன். நாலாவதை எடுப்பதற்குள் நண்பன் காபி குடிக்கக் கூப்பிட்டான். தெய்வம்தான் கூப்பிட்டது.

அந்த வெள்ளை, சுண்ணாம்பு! பெரியம்மா அரை மணி நேரம் முன்னால்தான் பதமாகத் தடவி வைத்திருந்தாள். இருட்டுகிற நேரம். பெரியப்பா கலயங்களை எடுத்துக்கொண்டு மரமேறிவிட்டார்.

ராத்திரி அந்த மூன்று கலயத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை விஞ்ஞானமாகச் சொல்கிறேன். பாளையிலிருந்து சொட்டுகிற சாற்றில் சர்க்கரை சுமார் 12 சதவீதம். காற்றிலும், ஈ எறும்பின் காலிலும், பழைய கலயத்தின் மண் துளையிலும் ஈஸ்ட் காத்திருக்கிறது. சுண்ணாம்பு இருந்தால் அதனால் தலையெடுக்க முடியாது. இல்லையென்றால் கல்யாணப் பந்திதான்! சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் வாயுவையும் கக்கிவிடும். சில மணி நேரத்தில் பீர் அளவுக்குப் போதை ஏறிவிடும். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் நிற்கிற சுவர் ஒரு விரல் சுண்ணாம்பு. சட்டமும் அந்தச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது.

பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் கம்பெனியின் பீர் கெட்டுப்போனபோது எமில் ஹான்சென் என்கிற விஞ்ஞானி, வேண்டாத காட்டு ஈஸ்ட் கலந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, 1883-ல் நல்ல ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். பெல்ஜியத்தில் நேர் எதிர். லாம்பிக் என்ற பீருக்கு, திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்றில் வருகிற ஈஸ்ட்டே வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே பிறந்திருந்தால் எனக்கு மாலை போட்டிருப்பார்கள். நான் பிறந்தது இங்கே.

மறுநாள் காலை. பெரியம்மா பதநீரைத் துணியில் வடிகட்டி அடுப்புப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசிக் கலயத்தை எடுத்தவள் நின்றாள். நுரை. முகர்ந்தாள். வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏலே, கலயத்தை யாரும் கழுவுனீயளா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் பனையைப் பார்த்தேன்.

"நான்தான் பெரியம்மா. உள்ள வெள்ளையா அழுக்கு மாதிரி..."

அவள் ஒன்றும் பேசவில்லை. மற்ற இரண்டு கலயமும் ஏற்கெனவே பாத்திரத்துக்குள் போய்விட்டிருந்தன. கையிலிருந்ததை மட்டும் பனை மூட்டில் கொட்டினாள். அடுப்பை மூட்டினாள். பொங்காமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டாள். மணிக்கணக்காகத் துழாவினாள். விறகு தீர்ந்துகொண்டே இருந்தது. பாகு வந்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். உருண்டையாக இறுக வேண்டும். கையில் இழுபட்டது. இன்னும் எரித்தாள். மறுபடி விட்டாள். அதே இழுவை.

"இறுகாது தம்பி. சர்க்கரை செத்துப்போச்சு" என்றாள்.

ஏழெட்டு லிட்டர் பதநீர் காய்ந்தால் ஒரு கிலோ கருப்பட்டி. பெரியப்பாவின் நேற்றைய ஏற்றம், இன்றைய இறக்கம், ஒரு நாள் விறகு, பெரியம்மாவின் கைவலி எல்லாம் சேர்ந்து மூன்று கிலோ ஆகியிருக்க வேண்டும். சிரட்டைகள் காலியாகக் கிடந்தன. பி.காம். படித்தவன் நான். எத்தனையோ பேலன்ஸ் ஷீட்டில் நஷ்டம் எழுதியிருக்கிறேன். ஒரு நஷ்டத்தை அடுப்பு முன்னால் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பர்ஸை எடுத்தேன். "மூணு கிலோவுக்கு என்ன விலையோ நான் தந்திடறேன் பெரியம்மா."

"பாதி தாங்க, போதும்."

"எதுக்குப் பாதி?"

"கழுவுனது நீங்க. இது என்னன்னு சொல்லிக்குடுக்காம விட்டது நாங்கதானே?"

எந்த ஆடிட்டரும் இவ்வளவு நேர்மையாகக் கணக்கு முடித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, பன்னிரண்டு கலயத்துக்கும் என்னையே சுண்ணாம்பு தடவச் சொன்னாள். "குறைஞ்சா கள்ளு. கூடுனா நாக்கு வெந்துபோகும். பாத்துத் தடவுங்க." மறுநாள் இறங்கிய பதநீரைப் பெரியப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு சி.ஏ. பாஸானது போல இருந்தது.

இறுகாத அந்தப் பாகை இரண்டு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். வீட்டில் தோசைக்குத் தொட்டுக்கொண்ட என் மனைவி, "தேன் மாதிரி இருக்கே! எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றாள்.

"கடையிலெல்லாம் கிடைக்காது" என்றேன். "நானே தயாரிச்சது!"

அவள் கவனம் என் விரல்களுக்குப் போய்விட்டது. சுண்ணாம்பு பட்டுத் தோல் உரிந்திருந்தது.

"அது சரி, அங்க போய்ப் பாத்திரமெல்லாம் தேய்ச்சீங்களா? இங்க ஒரு டம்ளர் கழுவினது கிடையாதே!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஸிங்க் என் பொறுப்பு. போலீஸ் சார், தண்டனை அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறேன்!