மூடிய கதவு



போன வாரம் பேரனின் கைபேசியில் ஒரு ஆங்கிலப் பாட்டு ஓடியது. டாஃப்ட் பங்க் குழுவின் 'கெட் லக்கி'யாம். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்த கிட்டார் என் காலைத் தாளம் போட வைத்துவிட்டது. "யாருடா வாசிக்கிறது?" என்றேன். "நைல் ராட்ஜர்ஸ், தாத்தா." அப்புறம் இரண்டு நாள் அவரைப் பற்றித்தான் படித்தேன்.

1952-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜாஸ் முறையாகக் கற்றவர். ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில், பாட வருகிறவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்த குழுவில் ஒருவர். பேஸ் கிட்டார் வாசித்த நண்பர் பெர்னார்ட் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து 'ஷிக்' குழுவைத் தொடங்கினார்.

1977 டிசம்பர் 31 இரவு. பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்தார் என்று நண்பர்கள் இருவரும் ஸ்டூடியோ 54 என்ற நடன விடுதிக்குப் போகிறார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். வீடு திரும்பி, கோபத்தில் திட்டிக்கொண்டே வாசித்தார்கள். திட்டிய வார்த்தையை மாற்றினார்கள். 'லே ஃப்ரீக்' பாட்டு பிறந்தது. 1978-இல் அமெரிக்காவில் முதலிடம்!

அடுத்த ஆண்டே டிஸ்கோ இசைக்கு எதிராகப் பெரிய வெறுப்பு கிளம்பியது. சிகாகோ மைதானத்தில் இசைத்தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 'ஷிக்' சரிந்தது. மனிதர் மூலையில் உட்காரவில்லை. தயாரிப்பாளராக, 1983-இல் டேவிட் போவிக்கு 'லெட்ஸ் டான்ஸ்', 1984-இல் மடோனாவுக்கு 'லைக் எ வெர்ஜின்' என்று மற்றவர்களை உயர்த்தினார். 1996-இல் டோக்கியோவில் கச்சேரி முடிந்த கையோடு நண்பர் எட்வர்ட்ஸ் இறந்துபோனார். 2010-இல் இவருக்குப் புற்றுநோய். அதையும் தாண்டி, அறுபது வயதில் வாசித்ததுதான் என் பேரன் கேட்ட பாட்டு.

படித்து முடித்ததும் பெருமையாக இல்லை, உறுத்தலாக இருந்தது. காரணம், நானும் கதவை மூடியவன்தான். மணி அடித்தபின் வந்தால் என் வகுப்பில் இடமில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஒரு பையன் மூன்று நாள் தொடர்ந்து தாமதம். மூன்று நாளும் வெளியே நிறுத்தினேன். நான்காம் நாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுவிட்டு ஓடிவருவான் என்று பக்கத்து பெஞ்சுப் பையன் சொன்னபோது, குடும்பமே ஊரைவிட்டுப் போயிருந்தது. ஏன் தாமதம் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ராட்ஜர்ஸுக்குத் திரும்பிப் போக ஒரு வீடும், கையில் கிட்டாரும், பக்கத்தில் நண்பனும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன இருந்தது?

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் உள்ளே விடுங்கள், பிறகு காரணம் கேளுங்கள்.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதப்பா. வாத்தியார் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்