ஃபுச்சுன் ஆற்றங்கரையில்

சீன தேசத்து ஹாங்சௌ நகரின் மேற்கு ஏரிக்கரையில் அந்திப் பொழுதில் நின்றோம். எதிரே மலைகள் மங்கி, நீரும் வானும் ஒன்றாய்க் கலந்திருந்தன. தென்சுங் மன்னர்கள் 1138 முதல் 1276 வரை இந்நகரிலிருந்தே அரசு புரிந்தனர். அவர்களது சித்திரச் சாலையில் பணியாற்றிய மா யுவானும் சியா குய்யும் பாறையையும் மரத்தையும் பட்டின் ஒரு புறத்தே தீட்டி, எஞ்சிய இடத்தை மூடுபனிக்கே விட்டுவிடுவர். ‘ஒரு மூலை மா’, ‘அரைப் பக்கம் சியா’ என்று உலகம் அவர்களை அழைத்தது. ஏரியைக் கண்ட பின்னரே அப்பெயர்களின் பொருத்தம் நமக்கு விளங்கிற்று.

நகரை ஒட்டி ஓடும் சியந்தாங் ஆறு, தென்மேற்கே மேற்பகுதியில் ஃபுச்சுன் எனப் பெயர் பெறும். அக்கரையில் வாழ்ந்தவர் ஹுவாங் குங்வாங் (1269–1354). மங்கோலியர் ஆட்சியில் சிறு உத்தியோகம் பார்த்துச் சிறையும் கண்டு, பின்பு தாவோ நெறியைத் தழுவியவர். முதுமையில், துறவி நண்பர் ஒருவருக்காக இம்மலைகளை நீண்ட காகிதத்தில் வெறும் மையால் வரையத் தொடங்கினார். அவசரம் இல்லை, ஊதியம் இல்லை, மனம் எழுந்தபோது மட்டும் தூரிகை எடுத்தார். ஆண்டுகள் சில கடந்து 1350-இல் அதில் தம் குறிப்பை எழுதினார்.

பிற்காலத்தில் இச்சுருளை வைத்திருந்தோருள் தோங் சிசாங் ஒருவர். அறிஞர் ஓவியத்தை உயர்த்தி, மா, சியா இருவரையும் தாழ்த்தியவர் அவர். நமக்கு அதில் உடன்பாடில்லை. சம்பளம் வாங்கிய கை என்பதால் பனியின் அழகு குறைந்துவிடுமா என்ன!

சுருளுக்கு நேர்ந்ததோ விந்தை. 1650-இல் அதன் உடைமையாளர் வூ ஹொங்யூ, மறுமைக்கும் அதை உடன்கொண்டு செல்ல விரும்பி, மரணப் படுக்கையில் எரிக்கச் சொன்னார். உறவினர் தீயிலிருந்து பறித்தெடுத்தார், ஓவியம் இரண்டாயிற்று. அதன் பெரும்பகுதி பின்னர்ச் சியன்லுங் பேரரசரிடம் வந்தது. அவரோ 1745-இல் கிடைத்த ஒரு நகலையே மூலமென நம்பி, அதன்மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதத் தலைப்பட்டிருந்தார். மறு ஆண்டு உண்மைச் சுருள் வந்தபோது அதைப் போலியென்றார். அதனால் ஹுவாங்கின் மலைகள் மன்னர் கையெழுத்துக்குத் தப்பின!

அரை மீட்டர் நீளமுள்ள சிறு துண்டு ஹாங்சௌவில் செஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட பெரும்பகுதி கடல் கடந்து தைப்பேயில் இருக்கிறது. 2011-இல் சிறு துண்டு அங்கே சென்றது. இரண்டும் அருகருகே வைக்கப்பட்டன. சில வாரங்களில் அது மீண்டும் ஹாங்சௌ திரும்பியது.