உடைந்த பிடியும் ஒரு மறுப்பும்

பெரியநீலாவணையிலிருந்து ஒலுவில் வரை நீளும் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் மீனவர்கள் அலையை எண்ணிப் பார்த்து, இரண்டு பெரிய அலைகளுக்கு இடையில் கிடைக்கும் சிறு அவகாசத்தில் தம் கண்ணாடியிழைப் படகுகளை மணலில் ஏற்றுகின்றனர். 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் அடைத்தது. அயலிலுள்ள கரையைக் கடல் அரித்தது. ஆகவே மணலே இன்னும் பலருக்குத் துறைமுகம்.

படகின் பின்புறத்தில் தொங்கும் வெளியிணைப்பு இயந்திரத்துக்குச் சோதனை வருவது இந்த இடத்தில்தான். கரை நெருங்கியதும் அதைச் சாய்த்து மேலே தூக்கிவிட வேண்டும். ஒரு கணம் தாமதித்தால், நீரைத் தள்ளும் விசிறிக்குக் கீழே மீன்செட்டை போல நீண்டிருக்கும் தகடு மணலில் குத்துகின்றது. அந்த அதிர்ச்சி முழுவதையும் படகோடு இயந்திரத்தைப் பிணைத்திருக்கும் பிடி தாங்க வேண்டும். செட்டையும் பிடியும் அலுமினிய வார்ப்புகள். இரும்பைப் போல வளைந்து எச்சரிக்கும் குணம் அவற்றுக்கு இல்லை; வெடிக்கும், அல்லது முறியும்.

இவற்றை ஒட்டித் தருகின்ற பட்டறை ஒன்றில் ஒரு முற்பகல் முழுவதும் இருந்து பார்த்தேன். அலுமினியம் ஏமாற்றுகின்ற உலோகம். அது உருகுவது ஏறத்தாழ 660 பாகை செல்சியஸில். ஆனால் அதன் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் ஒட்சைட்டுப் படலம் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். போர்வை அப்படியே இருக்க, உள்ளே உடல் உருகி ஓடிவிடும். இரும்பு சிவந்து காட்டும். அலுமினியம் நிறம் மாறாமலே திடீரெனச் சரிந்துவிழும். அதனால்தான் அந்தப் பாஸ் வார்ப்பின் மீது சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டுச் சூடேற்றினார். சவர்க்காரம் கருகினால் பற்றவைக்கும் பதம் நெருங்கிவிட்டது என்று பொருள்.

அதற்கு முன்னரே வேலையின் பெரும்பகுதி முடிந்திருந்தது. வெடிப்பின் இரு முனைகளிலும் அது மேலும் ஓடாதபடி சிறு துளை இட்டார். வெடிப்பு நெடுகிலும் பள்ளம் அராவினார். பல ஆண்டுகளாக வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயையும் உப்பையும் திரும்பத் திரும்பச் சூடாக்கித் துடைத்தார். அவை உள்ளே எஞ்சினால் ஒட்டு தேன்கூடு போலப் பொத்தலாகிவிடும். ஆர்கன் வாயுவோடு ஆடலோட்ட மின்சாரத்தில் பற்றவைக்கும்போது, திசை மாறும் மின்னோட்டமே அந்த ஒட்சைட்டுப் போர்வையைக் கிழித்துத் தருகின்றது. சிலிக்கன் கலந்த அலுமினியக் கம்பி அங்கே உருகி நிரம்புகின்றது. பின்னர் மெதுவாக ஆறவிட வேண்டும்.

செட்டை ஒட்டி முடிந்தது. அடுத்து, அதே மீனவர் உடைந்த பிடியை எடுத்து நீட்டினார்.

"இத ஒட்டமாட்டன், தம்பி."

"காக்கா, புதுசு வாங்க நான் எங்க போற?"

"செட்ட உடைஞ்சா காசு போகும். கடல்ல பிடி உடைஞ்சா எஞ்சினும் போகும், ஆளும் போகும்."

இருவர் சொன்னதும் நியாயம். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் ஏறியது. ரூபாவின் வீழ்ச்சியால் இறக்குமதியாகும் உதிரிப்பாகங்களின் விலையும் எகிறியது. பழைய இயந்திரங்களின் நிலையோ இன்னும் மோசம். 1909இல் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்திலிருந்து வளர்ந்த எவின்ரூட் வகையின் உற்பத்தியே 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இயந்திரம் ஓடாத நாளில் படகில் செல்லும் அத்தனை பேர் வீட்டிலும் உலை ஏறாது.

2004 டிசெம்பர் 26இல் இந்தக் கரை பட்ட பாட்டை நாம் அறிவோம். கடல்நீர் புகுந்த இயந்திரத்தை உடனே திறந்து, நன்னீரில் கழுவி, எண்ணெய் ஊற்றினால் காப்பாற்றிவிடலாம். ஜனாஸாக்களை அடக்கிக்கொண்டிருந்த கைகளுக்கு அதற்கு எங்கே நேரம்? மணலுக்குள் கிடந்தவை உப்பரித்துப் பழைய இரும்பின் கணக்கில் சேர்ந்தன. உள்ளுறுப்புகள் இறுகிப்போனாலும் பல இயந்திரங்களின் பிடிகள் நன்றாகவே இருந்திருக்கும். உருக்கிவிட்டால் அவை வெறும் அலுமினியம்.

பட்டறையில் கிடைத்த விடையும் அத்தகையதுதான். பின்புறம் குவிந்துகிடந்த செத்த இயந்திரங்களிடையே தேடி, அதே வகையைச் சேர்ந்த பிடி ஒன்றைப் பாஸ் கழற்றி எடுத்தார். உப்பில் இறுகியிருந்த ஆணிகளை அசைக்கவே ஒரு மணித்தியாலம் பிடித்தது. புதியதன் விலையில் சிறு பங்குதான் கேட்டார். அதிலும் பாதியைக் கடனாக விட்டார்.

ஒட்டத் தெரிந்தவர்கள் பலர் இருக்கக்கூடும். எதை ஒட்டக்கூடாது என்று தெரிந்து, கையில் வந்த கூலியையும் மறுக்கிறவரே கடலுக்குப் போகிறவனின் உயிருக்குக் காவல். மீன்பிடித் துறைக்குப் படகும் இயந்திரமும் வழங்குவோர், இப்படிப்பட்ட ஒரு பட்டறைக்கு நல்ல பற்றவைப்புக் கருவி ஒன்றும், பழைய இயந்திரங்களைச் சேமித்துவைக்க ஒரு கொட்டிலும் தந்தால் போதும். அடுத்த முறை அந்தக் காக்கா 'மாட்டேன்' என்று சொல்லும்போது, மாற்றுக்கு ஒரு பிடி அங்கேயே இருக்கும்.