காஞ்சியில் ஒரு காலைப் பலகாரம்

சென்னைப் பட்டணத்தில் காலைப் பலகாரத்துக்கு என்ன பஞ்சம்? உட்கார்ந்த ஐந்தாம் நிமிஷம் இலையில் இட்டிலி வந்து விழுகிறது. 'காஞ்சீபுரம் இட்டிலி' என்று போர்டு போட்ட ஓட்டல்களும் உண்டு. அவற்றில் சிலவற்றில் தின்று ஏமாந்த நாங்கள், அசலைப் பார்த்துவிடுவதென்று ஒரு நாள் விடியற்காலையில் காஞ்சிக்கே பிரயாணமானோம். சுமார் 75 கிலோமீட்டர் தூரம். பசியோ அதைவிட நீளம்.

அவசரத்தில், இறங்கிய இடத்திலேயே ஓர் ஓட்டலில் நுழைந்தோம். அங்கும் தம்ளரில் வார்த்து எடுத்த இட்டிலிதான் வந்தது. அடுத்த மேஜையில் காபி அருந்திய நெசவாளப் பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, சின்னக் காஞ்சிக்குப் போய் வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரசாதம் கேளுங்கள். ஆனால் பொறுமை வேண்டும்" என்றார். பிள்ளையார்பாளையத்தில் தம் வீட்டுத் தறியையும் வந்து பார்க்கும்படி அழைத்தார்.

போனோம், காத்திருந்தோம். அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்க்கிறார்கள். நீண்ட மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை வார்த்து ஆவியில் வைக்கிறார்கள். வேகுவதற்கு மணிக்கணக்காகும். பெருமாளுக்கு நைவேத்தியமான பிறகே நமக்குத் துண்டு கிடைக்கும். மிளகாய் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த அந்தச் சரக்கு இந்தக் குடலைக்குள் நுழையவேயில்லை. இலை மணமும் சுக்கின் காரமும் சேர்ந்த அந்தத் துண்டுக்குச் சட்னியே தேவைப்படவில்லை!

பெரியவருக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் சென்றோம். தறியில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய மூன்று நாடாக்களும் இரண்டு பேரும் வேண்டும். மகன் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். கரை நாடாவை வீட்டு அம்மாள் எறிந்தார்.

"கோர்வை இல்லாமல் நெய்தால் சீக்கிரம் முடியும். ஆனால் அதைக் கோர்வை என்று சொல்லி விற்க எனக்கு வாய் வராது" என்றார் பெரியவர்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போலியைத் தட்டிக் கேட்கச் சட்டம் இருக்கிறது. இட்டிலி விஷயத்திலோ காவல் நிற்க வேண்டியது நம் நாக்குத்தான். ஆகையால் காஞ்சிக்குப் போகும் நேயர்களே, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடலை வேகும்வரை காத்திருங்கள்.

பெரியவர் கை கழுவி வந்து, துண்டை இரண்டாகப் பிட்டு, பாதியை அம்மாளிடம் நீட்டினார். தறி சிறிது நேரம் நின்றது.