எந்தக் கோணம், தம்பி?

கணிப்பொறி பொய் சொல்லாது என்பார்கள். மெய்தான். ஆனால் நாம் சொல்லிக் கொடுத்த பொய்யைக் கூசாமல் திருப்பிச் சொல்லும். அதையும் நான்கு தசம ஸ்தானம் வரை சுத்தமாகச் சொல்லும்! இதை நான் கற்றுக்கொண்ட கதையைக் கேளுங்கள், நண்பர்களே.

பொடியாக உள்ள ஒரு பொருளின் படிகத் துகள்கள் எவ்வளவு பெரியவை என்பதை எக்ஸ்-கதிர்ப் படத்திலிருந்து கணக்கிடலாம். அதற்கு 1918-இல் ஷெரர் கொடுத்த சூத்திரம் இருக்கிறது. அதை வைத்துப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. விடைகள் மட்டும் விசித்திரமாக இருந்தன. கோணம் ஏற ஏறத் துகளின் பருமனும் ஏறியது. ‘துகள்கள் உருண்டையல்ல, ஒரு திசையில் நீண்டவை’ என்று முடிவு கட்டி, இரண்டு பக்கம் விளக்கமும் எழுதிவிட்டேன். என்னே என் பெருமிதம்! இளைய மாணவர் ஒருவரும் என் நிரலை வாங்கிப் போனார்.

மறுநாள் கருத்தரங்கு. இரவு அடுத்த அறை அண்ணனிடம் நிரலைக் காட்டினேன். மென்பொருள் நிறுவனமொன்றில் நான்காண்டு வேலை பார்த்துவிட்டு மீண்டும் படிக்க வந்தவர் அவர். திரையைப் பார்க்கவே இல்லை.

“ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு தமிழில் சொல்லு, தம்பி.”

சிரித்துக்கொண்டே தொடங்கினேன். “இங்கே கோணத்தின் கோசைனை எடுக்கிறேன், அண்ணா.”

“எந்தக் கோணம், தம்பி?”

நாக்கு ஒட்டிக்கொண்டது. கருவி காட்டுவது இரட்டைக் கோணம். சூத்திரம் கேட்பது அதில் பாதி. கருவி 60 பாகை காட்டினால் 30-இன் கோசைன், அதாவது 0.866 வேண்டும். நான் 60-இன் கோசைனாகிய 0.5-ஆல் வகுத்திருந்தேன். பருமன் 1.73 மடங்காகிவிட்டது! கோணம் கூடக் கூட வீக்கமும் கூடியது. நீண்ட துகள்களைப் படைத்தது இயற்கையன்று; நானே.

அன்றிரவு அண்ணன் சொன்னவை இன்றும் என் மேசைமேல் ஒட்டியிருக்கின்றன. வெறும் ‘கோணம்’ என்று பெயரிடாதே. இரட்டையா பாதியா, பாகையா ரேடியனா என்பது பெயரிலேயே தெரியட்டும். கோப்பைப் படிப்பது, கணக்கிடுவது, படம் வரைவது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே. வேலைக்கொரு ஃபங்ஷன் இருந்தால்தான் தனித்தனியே சோதிக்கலாம். ஒரு விடையையாவது கையால் போட்டுப் பார். அதையே சோதனையாக எழுதிவைத்து, நிரலைத் திருத்தும்போதெல்லாம் ஓட்டு.

உரக்க விளக்கும் பழக்கம் அவர் கண்டுபிடித்ததன்று. ஹண்ட், தாமஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட ‘தி பிராக்மாடிக் புரோகிராமர்’ நூலில் ரப்பர் வாத்துக்கு நிரலை விளக்கும் உபாயம் வருகிறது. வாத்து திருப்பிக் கேட்காது; அண்ணன் கேட்டார்.

திருத்திய பின் பருமன்கள் ஏறக்குறைய ஒன்றாயின. என் கண்டுபிடிப்பு மறைந்தது. காலையில் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றே கேட்டார்: “நிரலை வாங்கியவரிடம் சொல்லிவிட்டாயா?”

அதுதான் கடினமாக இருந்தது. “நான் வரைபடமே போட்டுவிட்டேனே, அண்ணா!” என்றார் அந்த இளையவர். இருவரும் உட்கார்ந்து மாலைவரை மறுபடி போட்டோம்.

வகுப்பில் ஆங்கிலச் சொற்களை உருட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம். தாய்மொழியில் சொல்ல முற்பட்டால், புரியாத இடம் தானே காட்டிக்கொடுக்கிறது. ஆகவே நண்பர்களே, நிரலோடு என் அறைக்கு வாருங்கள். தமிழில் சொல்லுங்கள். ‘எந்தக் கோணம்?’ என்று கேட்க நான் இருக்கிறேன்.